கும்பினியும் கம்பெனியும்: எல்லைப்புறத்தில் ஒரு சொல்லின் வரலாறு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்கும் ஆங்கிலச் சொற்களைத் தொகுத்தால் 'கம்பெனி' என்பது முதல் சில இடங்களுக்குள் நிற்கும். கம்பெனி பஸ், கம்பெனி கேட், கம்பெனி லீவு, கம்பெனி வேலை என்று வாழ்க்கையின் பெரும்பகுதியை அது அளக்கிறது. 'பையன் கம்பெனிக்குப் போகிறான்' என்றால் அவன் மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டான் என்பதே பொருள். ஆனால் இதே மண்ணில் இதே சொல் முதன்முதலாக ஒலித்தபோது அது வேலையையும் சம்பளத்தையும் குறிக்கவில்லை. பீரங்கியோடு வந்து, கோட்டையைக் கேட்டு, பின்னர் நிலவரியைக் கேட்ட ஓர் அதிகாரத்தையே குறித்தது. இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் உள்ளன. அவற்றினூடே இச்சொல் வந்த வழியையும், அதன் இடத்தைப் பிடிக்க முயன்ற தமிழ்ச் சொற்களையும் இப்பகுதி ஆராய்கிறது.

ஆங்கிலத்தின் 'கம்பெனி' பழைய பிரெஞ்சின் வழியே 13-ஆம் நூற்றாண்டில் அம்மொழிக்குள் வந்தது. அதன் வேர் பிற்கால லத்தீனில் உள்ள 'கொம்பானியோ' என்ற சொல்லாகும். 'கொம்' என்பது உடன் என்றும், 'பானிஸ்' என்பது ரொட்டி என்றும் பொருள்படும் என்பதால், ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி உண்பவன் என்பதே அதன் முதற்பொருள். ஜெர்மானிய மொழிகளில் அவ்வாறே அமைந்திருந்த ஒரு சொல்லைப் பார்த்து லத்தீனில் இது அமைக்கப்பட்டது என்று சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுவர். இந்த 'பானிஸ்' தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. ரொட்டிக்குப் போர்த்துகீசியர் வழங்கும் சொல் அதே வேரிலிருந்து பிறந்தது. அதுவே இலங்கைத் தமிழில் 'பாண்' என்று நிலைத்து, இன்றும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் காலை உணவின் பெயராக உள்ளது. தமிழ் தன் போக்கில் இதே உறவைப் பங்கை வைத்துச் சொன்னது. பங்கு உடையவன் பங்காளி, கூட்டில் சேர்ந்தவன் கூட்டாளி. முன்னது குடும்ப உறவையும் பின்னது தொழில் உறவையும் நட்பையும் குறிக்கலாயின. ஐரோப்பியர் உண்பதிலிருந்து கண்ட உறவைத் தமிழர் பகிர்வதிலிருந்து கண்டனர் எனலாம்.

உடனிருத்தல் என்னும் இந்த முதற்பொருள் ஆங்கிலத்தில் அழிந்துவிடவில்லை. தமிழிலும் அது தனியே நுழைந்து, ஊருக்குப் போகத் துணை தேடுபவர் 'கம்பெனி கொடு' என்று நண்பரைக் கேட்கும் வழக்காக உள்ளது. அதிலிருந்து கூட்டம் என்ற பொருளும், கூட்டத்திலிருந்து ஒரு தலைவனின் கீழ் நிற்கும் வீரர் அணி என்ற பொருளும், ஒரே தொழிலைச் செய்வோரின் சங்கம் என்ற பொருளும் கிளைத்தன. தேர்தல் காலத்தில் இத்தனை 'கம்பெனி' துணை ராணுவத்தினர் வந்தனர் என்று தமிழ் நாளிதழ்கள் எழுதுவது அப்படைப் பொருளின் தொடர்ச்சியே. ஒரு கம்பெனி என்பது அங்கு ஏறத்தாழ நூறு வீரர் கொண்ட ஒரு பிரிவு. வணிகப் பொருளே இவற்றுள் பிந்தியது. முதல் போட்டவர்கள் இலாபத்தைத் தத்தம் பங்கின் அளவுக்குப் பிரித்துக்கொள்ளும் கூட்டுப் பங்கு அமைப்புக்கு இப்பெயர் 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 1555-இல் உரிமைப் பட்டயம் பெற்ற மஸ்கோவி கம்பெனி அவ்வகையில் முந்தியது. 1600 டிசம்பர் 31-இல் முதலாம் எலிசபெத் அரசி கையொப்பமிட்ட பட்டயம் கிழக்கிந்திய வணிகர்களுக்கு அதே வடிவைத் தந்தது.

கூடி வணிகம் செய்யும் முறையைத் தமிழகம் ஆங்கிலேயரிடமிருந்து கற்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இன்றைய கர்நாடகத்தின் ஐஹொளெயைப் பெயரிலே தாங்கிய ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார், நானாதேசிகள் என்னும் வணிகக் குழுக்கள் தென்னிந்தியா முழுவதும் கல்வெட்டுகளை விட்டுச் சென்றுள்ளன; அவர்களுள் ஐந்நூற்றுவரின் பெயர் கன்னட நாட்டிலும் தமிழ்நாட்டிலும் ஒருசேரக் காணப்படுவது, மொழி எல்லை வணிகத்துக்கு எல்லையாக இருந்ததில்லை என்பதைக் காட்டும். கூட்டமாகச் செல்லும் வணிகர்க்குச் 'சாத்து' என்ற பெயரும் பழந்தமிழில் இருந்தது. எனினும் இக்குழுக்களுக்கும் கம்பெனிக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு: கம்பெனியின் பங்கை வாங்கியவன் அதை மற்றொருவருக்கு விற்றுவிட்டு விலகலாம், அவன் விலகினாலும் இறந்தாலும் கம்பெனி தொடர்ந்து வாழும். உறுப்பினரின் உயிரைச் சாராமல் தானே ஓர் உயிர் கொண்டதுபோல் நிற்கும் இந்தத் தன்மையே அதை ஒரு நாட்டை ஆளும் அளவுக்குக் கொண்டு சென்றது.

கிருஷ்ணகிரி அத்தன்மையை நேரில் கண்டது முதலாம் மைசூர்ப் போரின்போதாகும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் ஆகியவற்றை உள்ளடக்கி, பன்னிரண்டு கோட்டைகளின் பெயரால் பாராமகால் என்று வழங்கிய இந்நிலப்பகுதி அப்போது ஹைதர் அலியின் ஆட்சியில் இருந்தது. கர்நாடக நவாபின் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏறும் கணவாய்கள் இதன் வழியே சென்றதால், இதைக் கையில் வைத்திருப்பவரே போரின் போக்கை முடிவு செய்யும் நிலை இருந்தது. 1767-இல் காவேரிப்பட்டினத்திலும் செங்கத்திலும் படைகள் மோதின. நீண்ட முற்றுகைக்குப் பின் 1768-இல் கிருஷ்ணகிரிக் கோட்டை கம்பெனியிடம் பணிந்தது. மறு ஆண்டு சென்னை உடன்படிக்கையின்படி அது மீண்டும் ஹைதரிடம் சென்றது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸின் படைகள் ஓசூரையும் இராயக்கோட்டையையும் கைப்பற்றின. அதே ஆண்டு நவம்பரில் கம்பெனித் தளபதி மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியின் பேட்டையைப் பிடித்தும் மலைமேல் இருந்த கோட்டையை ஏற முடியாமல் திரும்பியது. அப்படிப் போரில் பிடிபடாத கோட்டை, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கையொப்பமான உடன்படிக்கையால் பாராமகால் முழுவதோடும் சேர்ந்து கம்பெனிக்குப் போயிற்று.

ஓசூரின் கதை இதிலிருந்து வேறுபட்டது. பாலாகாட் எனப்பட்ட மேட்டுநிலத்தைச் சேர்ந்த அவ்வூர் 1792-க்குப் பின்னும் திப்பு சுல்தானிடமே இருந்து, 1799 மே மாதத்தில் அவர் வீழ்ந்த பின்னரே கம்பெனியின் வசமானது. எனவே, இன்று ஒரே மாவட்டமாக உள்ள இந்நிலத்தில் கிருஷ்ணகிரிக்காரர் கம்பெனியின் குடிகளாகவும் ஓசூர்க்காரர் மைசூரின் குடிகளாகவும் ஏழாண்டுகள் வாழ்ந்தனர். இன்றைய மாநில எல்லையை அன்றைய நாட்டின் எல்லையாகக் கருதிப் பழைய ஆவணங்களைப் படிப்போர் தவறுவது இங்கேதான். அந்த ஏழாண்டுகளில் திப்பு செய்த ஒரு முயற்சியும் இச்சொல்லின் வரலாற்றுக்கு உரியதே. அவர் 1793-94-இல் வெளியிட்ட வணிக ஒழுங்குமுறைகள், அரசே வணிகம் செய்வதற்குக் கோட்டிகள் என்னும் வணிகநிலையங்களை நாட்டுக்கு உள்ளும் வெளியும் அமைக்க வகை செய்ததோடு, குடிமக்களும் அதில் பணம் போடலாம் என்றும், சிறு தொகை போடுவோருக்குப் பெருந்தொகை போடுவோரைவிடக் கூடுதல் விழுக்காட்டில் இலாபம் தரப்படும் என்றும் கூறின. தம்மைத் தோற்கடித்த அமைப்பின் வலிமை அதன் துப்பாக்கிகளில் மட்டும் இல்லை, அது பலரின் பணத்தைத் திரட்டும் முறையிலும் உள்ளது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே இவ்விதிகளைப் படிப்போர் கொள்ள வேண்டியுள்ளது.

தமிழில் இச்சொல் அப்போது 'கம்பெனி' என்று ஒலிக்கவில்லை; 'கும்பினி' என்றும் 'கும்பெனி' என்றும் வழங்கியது. தெலுங்கில் அது 'கும்பிணி', கன்னடத்தில் 'கும்பணி'. மூன்று மொழிகளும் கலந்து வாழும் இந்த எல்லைப்புறத்தில் மூன்று வடிவங்களும் ஏறத்தாழ ஒரே ஓசையில் கேட்டிருக்கும். மூன்றிலும் முதலெழுத்து உகரம் ஏறி நிற்பது கவனிக்கத்தக்கது; ஆங்கிலேயருக்கு முன்பே கரையில் இறங்கிய போர்த்துகீசியரின் 'கொம்பாஞியா', புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரின் 'கொம்பாஞி' ஆகியவற்றுக்கு இவ்வடிவங்கள் ஆங்கில ஒலிப்பைவிட நெருங்கியவை. உருது பேசியோர் அதற்குப் 'பகதூர்' பட்டம் கொடுத்துக் கம்பெனி பகதூர் என்றனர்; தமிழர் மரியாதைப் பன்மை சேர்த்துக் 'கும்பினியார்' என்றனர். பட்டமும் பன்மையும் ஆளுக்கு உரியவை. இலண்டன் லெடன்ஹால் தெருவில் கூடிய பங்குதாரர்களைக் கண்டறியாத மக்கள், கண்ணுக்குத் தெரியாத அந்த அமைப்பை ஓர் ஆளாக, ஒரு துரையாக எண்ணிப் பேசினர். பின்னாளில் சட்டமும் அதையே சொன்னது: கம்பெனி என்பது அதன் பங்குதாரரின் வேறான ஒரு சட்டமுறை ஆள் என்பதை இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1896-இல் சாலமன் வழக்கில் உறுதியாக்கியது.

இந்தக் கும்பினியார் பாராமகாலில் செய்த முதல் பெரிய வேலை வரி தண்டுவது. மக்கள் மொழிகளை அறிந்த சிவில் அலுவலர் இல்லாமையால், 1792-இல் காரன்வாலிஸ் படைத் தலைவரான அலெக்சாண்டர் ரீடை இங்கே நியமித்தார். தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியாட், ஜேம்ஸ் ஜார்ஜ் கிரஹாம் ஆகியோர் அவருக்குத் துணையாயினர். நிலத்தை அளந்து, இடைத்தரகர் இன்றி உழவரோடு நேரே வரி பேசும் முறை, அதாவது பின்னர் ரயத்துவாரி என்று பெயர் பெற்ற முறை, இங்கேதான் முதலில் முயலப்பட்டது. ஏழாண்டுகளை இப்பகுதியில் கழித்த மன்றோ, அம்முறையைக் கடப்பை முதலான மாவட்டங்களுக்குக் கொண்டு சென்று, 1820-இல் சென்னையின் ஆளுநரானார். மிளகும் துணியும் வாங்க வந்த ஒரு வணிகக் கூட்டம், கிருஷ்ணகிரி உழவரின் கேழ்வரகுக் கொல்லைக்கு இவ்வளவு தீர்வை என்று எழுதும் நிலைக்கு வந்திருந்தது. 'கம்பெனி' என்ற சொல் இவ்வளவு தொலைவு தன் பொருளைவிட்டு வேறெங்கும் விலகியதில்லை. 1824-இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் கம்பெனி தன் படைக்காகக் குதிரைப் பண்ணை ஒன்றையும் தொடங்கியது. அது இன்று அரசின் கால்நடைப் பண்ணையாக உள்ளது.

1813-இல் இந்திய வணிகத்தின் ஏகபோக உரிமையையும், 1833-இல் வணிகத்தையே முழுவதும் இழந்த கம்பெனி, 1858-இல் ஆட்சியையும் இழந்து, 1874-இல் கலைக்கப்பட்டது. கும்பினியார் போன பிறகு அச்சொல் தமிழில் எவருக்கும் உரியதாயிற்று. ஊர் ஊராகச் சென்று புராண நாடகம் போட்டோர் நாடகக் கம்பெனியாயினர். சிறுவர்களை வைத்து நடத்தியவை பாய்ஸ் கம்பெனி எனப்பட்டன, எம்.ஜி.ஆர். வளர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி அவற்றுள் ஒன்று. பெயரளவில் அவை வணிக அமைப்புகளாக இருந்தாலும், ஒரே சமையலில் உண்டு ஒரே கொட்டகையில் உறங்கிய அக்குழுக்களிடம் சொல்லின் முதற்பொருளே மேலோங்கியிருந்தது. 1906 அக்டோபரில் வ.உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் பதிவு செய்த கப்பல் கம்பெனி தமிழில் 'சுதேசி நாவாய்ச் சங்கம்' என்று பெயர் பெற்றது. ஆங்கிலேயரை எதிர்த்துக் கப்பல் விட்டவர்களின் அமைப்புக்குச் 'சங்கம்' என்னும் சொல் அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. எனினும் சங்கம் பிற்காலத்தில் தொழிலாளர் பக்கம் சேர்ந்துவிட்டது, முதலாளி பக்கத்துக்குக் கம்பெனியே நிலைத்தது.

சட்டத்தமிழ் உருவானபோது இதற்கு நிகர்ச்சொல் தேடும் வேலை முறையாக நடந்தது. 1956-இலும் பின்னர் 2013-இலும் இயற்றப்பட்ட இந்தியக் கம்பெனிகள் சட்டங்களைக் குறிக்க 'நிறுமம்' என்ற சொல் ஆளப்படுகிறது. நிறுவு என்னும் வினையின் வழிப்பட்ட இச்சொல், பதிவு செய்யப்பட்டுச் சட்டமுறை ஆளாக ஆக்கப்பட்டதை மட்டுமே குறிக்கிறது. அதே வினையின் வழி வந்த 'நிறுவனம்' அறக்கட்டளையையும் கல்வி அமைப்பையும் அரசு அமைப்பையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது சட்டத்தமிழ் செய்த நற்பணி, அது போதிய அளவு பாராட்டப்படவில்லை. இலங்கையிலோ சட்டமே 'கம்பனிகள் சட்டம்' என்று பெயர் பெற்று, மலையகத்தில் பெருந்தோட்டங்களை நடத்துவோரும் 'கம்பனி' என்றே அறியப்படுகின்றனர்.

ஓசூரில் இச்சொல் மறுபிறவி எடுத்தது 1970-களில். தமிழ்நாடு அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் என்னும் தொழில் மேம்பாட்டு நிறுவனம், பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில் தொழில்வளம் குன்றியிருந்த இவ்வூரைத் தன் தொடக்கக்காலத் தொழில் வளாகங்களுள் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்தது. அக்கம்பக்கத்தில் ஒரு பெருநகரின் திறன்மிக்க தொழிலாளரும் உதிரிபாகச் சந்தையும், இப்பக்கம் மலிவான நிலமும் பின்தங்கிய பகுதிக்கான மானியமும் இருந்ததால், எல்லையே இடத்தின் சிறப்பாயிற்று. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலையும், அதே ஆண்டில் டி.வி.எஸ். குழுமத்தின் மொபெட் உற்பத்தியும் இங்கே தொடங்கின. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் கூட்டாக உருவாக்கிய டைட்டன், இங்கே கைக்கடிகாரம் செய்யலாயிற்று. பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் பின்னர் வளாகங்கள் எழுந்தன. 2021-இல் மின்சார ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளி வட்டாரத்துக்கு வந்தது.

இவை எல்லாவற்றையும் குறிக்கத் தமிழில் சொற்கள் இல்லாமல் இல்லை. 'ஆலை' என்பது முதலில் கரும்பைப் பிழியும் பொறிக்குரிய பெயர். பின்னர் அது பஞ்சாலை, சர்க்கரை ஆலை என்று விரிந்தது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானின் முன்னோரே இந்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஒரு மரபுச் செய்தி உள்ளதால், அவ்வழக்கை உரிமையோடு சொல்லத்தக்க மண் இதுவே. 'பட்டறை' கொல்லரின் அடைகல்லிலிருந்து பிறந்து, லேத் இயந்திரம் ஒன்றிரண்டை வைத்துப் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து தரும் சிறு தொழிலகம் வரை வந்துள்ளது. பாரசீகத்திலிருந்து வந்த 'கார்கானா' எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'தொழிற்சாலை' பாடப்புத்தகத்திலும் அரசாணையிலும் வழங்குகிறது. ஆனால் இப்பெயர்கள் எல்லாம் இடத்தையும் பொறியையும் சுட்டுகின்றன. கம்பெனி ஒன்றே இடம், முதலாளி, வேலை, அந்த வேலை தரும் மதிப்பு ஆகிய நான்கையும் ஒருசேரச் சுட்டுகிறது. அது மக்கள் வாயில் நிலைத்ததற்குக் காரணம் இந்த விரிவே.

அந்த விரிவே இன்று ஒரு தீங்கையும் மறைக்கிறது. ஒரே கேட்டுக்குள் நுழையும் இருவரில் ஒருவர் ஆலையின் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தக்காரர் ஒருவரால் அனுப்பப்பட்டவர். 'எந்தக் கம்பெனி' என்று கேட்டால் இருவரும் கேட்டில் எழுதியுள்ள பெயரையே சொல்வர். சட்டத்தின் கண்ணில் இரண்டாமவருக்கு வேலை கொடுத்தவர் வேறு, அவர் உழைக்கும் இடத்துக்கு உரியவர் வேறு; முன்னவர் ஒப்பந்தக்காரர், பின்னவர் முதன்மை வேலையளிப்பவர். இப்பாகுபாட்டை 1970-இல் இயற்றப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வரையறுத்தது. நிறுமம், ஆலை, வேலையளிப்பவர் என்று சட்டத்தமிழ் பிரித்துவைத்த சொற்கள் தொழிலாளியின் பேச்சுக்குள் இறங்கியிருந்தால், தம் உரிமையை யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு அவரிடமே விடை இருந்திருக்கும். கலைச்சொல்லாக்கம் அறிஞர் அறையோடு நின்றுவிடுவதால் நேரும் இழப்பு இத்தகையது.

உடன் உண்ணுதல் என்ற பழம்பொருளுக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்க வேண்டும் என்று அரசு விதி செய்யலாம் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் கூறியது. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் உணவகத்துக்கு வகை செய்ததோடு, ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை வேலையளிப்பவரே அதைக் கொடுத்து, பின்னர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. கூலி நிலுவைத் தகராறுகளில் 'கம்பெனிதான் கொடுக்கணும்' என்று தொழிலாளர் சொல்லும்போது அவர்கள் சுட்டுவது இப்பொறுப்பையே. கம்பெனியோடு சேர்ந்தே வந்து, இவ்வட்டாரத்தின் உறக்கத்தையும் திருமணப் பேச்சையும் பேருந்து நேரத்தையும் மாற்றிய 'ஷிப்ட்' என்னும் சொல்லை அடுத்த பகுதி எடுத்துக்கொள்ளும்.